ஆணியைப் பார்த்து உட்கார்ந்த வேலை

பிள்ளைகளா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஸ்டெல்லாவின் மகள் ஓவியத்தில் டிகிரி படிக்கப் போகிறேன் என்றாள். நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கொன்று பேசினீர்கள். அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்றான் பெரியவன். கடைசியில் ஸ்டெல்லாதான், "அப்பாவைக் கேளுங்க, அவருதானே ஆர்ட் காலேஜ்ல இருந்தாரு" என்றாள். நான் "நல்ல படிப்புதான்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அது பதில் ஆகாது. அதனால் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்பா காலேஜில் ஸ்டோர் பார்த்தார் என்றுதான் உங்களுக்குத் தெரியும். அது பிற்பாதி. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நான் அங்கே மாடலாக இருந்தேன். மாணவர்கள் பார்த்து வரைவதற்காக ஒரே மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. உங்கள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். தெருவில் யாராவது கேட்டால், "ஆபீஸ்ல இருக்காரு" என்பாள். உட்கார்ந்திருப்பதற்கு ஒரு வேலையா என்று யாரும் சிரித்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. எனக்கும்தான்.

காலேஜ், பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு பழைய தோல் கிடங்கில் இருந்தது. கிடங்கை வெள்ளையடித்து, வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள் வைத்துக் காலேஜ் ஆக்கியிருந்தார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து தோல் வாடை வரும். அறுபதுகளின் கடைசியில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற என்னைச் சேர்த்தார்கள். தாம்பரத்திலிருந்து ரயிலில் போய் வந்தேன். ஒருநாள் மத்தியானம் குழாயடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓவியத்துறைத் தலைவர் ரங்கநாதன் சார் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று, "அப்படியே இரு" என்றார். கையில் சோற்று உருண்டையோடு இருந்தேன். இரண்டு நிமிஷம் கழித்து, "சரி, சாப்பிடு. நாளையிலிருந்து உள்ள வா" என்றார். என் பயிற்சி அவ்வளவுதான்.

ரங்கநாதன் சார் அதிகம் பேச மாட்டார். வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் சாக்பீஸ். மேடைமேல் ஒரு மர நாற்காலி இருக்கும். என்னை உட்கார வைத்து, முழங்காலைத் தொட்டு ஒரு அங்குலம் நகர்த்துவார். கையை எடுத்துத் தொடைமேல் வைப்பார். டாக்டர் நோயாளியைத் தொடுவதுபோல் இருக்கும். பிறகு குனிந்து, நாற்காலிக் கால்களைச் சுற்றியும் என் பாதங்களைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுவார். ரெஸ்ட் முடிந்து திரும்பி வந்தால் அந்தக் கோட்டுக்குள் பாதத்தை வைக்க வேண்டும்.

தலைக்குக் கோடு போட முடியாதே. அதற்கு இரண்டு ஏற்பாடு வைத்திருந்தார். எதிர்ச் சுவரில் ஓர் ஆணி. என் கண் அதிலேயே இருக்க வேண்டும். இன்னொன்று, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. உத்தரத்திலிருந்து மேடைக்கு முன்னால் அதை நூலில் தொங்கவிட்டிருப்பார். மாணவர்கள் ஒவ்வொருவரும் தன் இடத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அந்த நூல் என் உடம்பில் எங்கெங்கே குறுக்கே போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சார் தன் முக்காலியிலிருந்து பார்த்தால் நூல் என் மூக்கு நுனி, சட்டையின் இரண்டாவது பட்டன், வலது முழங்கால் மூன்றையும் தொட வேண்டும். எல்லாம் சரியானதும் "போஸ்" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் யாரும் வரைய ஆரம்பிக்கலாம். இருபத்தைந்து நிமிஷம் உட்கார வேண்டும், ஐந்து நிமிஷம் ரெஸ்ட். மேசைமேல் ஒரு கைமணி இருக்கும். அதை அடித்தால் இறங்கலாம்.

முதல் வருஷம் கால் மரத்துப்போகும். மூக்கில் ஈ உட்காரும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் கூரைக்குமேல் போனால் நூல் நடுங்கும். நான் நடுங்கக் கூடாது. போகப் போகப் பழகிவிட்டது. ஆணியைப் பார்த்தபடியே மனசுக்குள் ஜெபமாலை சொல்வேன். ஐம்பத்து மூன்று மணியும் முடிவதற்கும் ரெஸ்ட் மணிக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. ரெஸ்ட் நேரத்தில் நான் நேராக வெளியே வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்கும் படங்களைப் பார்க்கக் கூடாது. முடித்த படங்களைக் கண்காட்சியில் பார்க்கலாம். முடியாத படத்தைப் பார்க்கவே கூடாது. "அவங்க எல்லாரும் உன்னைப் பாக்கலாம். நீ அவங்க படத்தைப் பாக்கக் கூடாது" என்று முதல் நாளே சார் சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. தண்ணீர் ஊற்ற வந்தவன் படத்தைப் பார்த்து என்ன சொல்லப் போகிறான் என்று நினைக்கிறார் போல என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஒன்பது வருஷம் அது உள்ளே முள்ளாக இருந்தது. பின்னால் செய்த தப்புக்கு அந்த முள்ளும் ஒரு காரணம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு வருஷம். கடைசி வருஷ மாணவர்களுக்கு மனித உருவப் பரீட்சை. ஐந்து நாள், ஒரே மாடல், ஒரே போஸ். பரீட்சைக்குப் பத்து நாள் முன்பிருந்து நான் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. ஐந்து நாளும் அதே சட்டை, அதே வேட்டி. துவைக்கக் கூடாது, மடிப்பு மாறிவிடும். சாயங்காலம் கழற்றிச் சாரின் பீரோவில் மாட்டிவிட்டு வருவேன்.

பன்னிரண்டு பேர் எழுதினார்கள். அதில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரையும் உங்களுக்குத் தெரியும்.

ஒருவர் எலிசா டீச்சர். ஆமாம் ஸ்டெல்லா, உனக்கு ட்ராயிங் எடுத்த டீச்சர்தான். அப்போது அவள் தாம்பரத்திலிருந்து என்னோடு அதே ரயிலில் வருகிற பெண். போன வருஷம் இதே பரீட்சையில் படத்தை முடிக்காமல் ஃபெயில். இரண்டாவது தடவையும் போனால் டிகிரி கிடையாது என்பது விதி. இன்னொருவன் ஜமால். பல்லாவரம் சந்தைத் தெரு டெய்லர். அவனுடைய வாப்பா, "இந்த வருஷம் பாஸ் பண்ணு, இல்லாட்டி மிஷின்ல வந்து குந்து" என்று சொல்லிவிட்டிருந்தார். அவன் பாஸ் பண்ணுவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வகுப்பிலேயே அவன் கை அப்படி. பேச்சும் அப்படித்தான்.

"இன்னா சூசைண்ணா, இந்த வருசமும் அதே மூஞ்சியா? வேற எதுனா எடுத்துனு வரக் கூடாதா?" என்றான், முதல் நாள் காலையில் ஈஸலை நிறுத்திக்கொண்டே. படம் வைக்கும் மரச் சட்டத்துக்குத்தான் ஈஸல் என்று பெயர்.

"பாஸ் பண்ணிட்டுப் போப்பா. அடுத்த வருஷம் புது மூஞ்சி வைக்கச் சொல்றேன்" என்றேன். எலிசா சிரிக்கவில்லை. அவள் உதடு காய்ந்திருந்தது.

அன்று சார் என்னை உட்கார வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது என் தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அவர் இன்னும் "போஸ்" சொல்லவில்லை. போன வருஷம் நேரம் போதாமல் போன பயத்தில் எலிசா அதற்குள் கரிக்குச்சியை எடுத்துத் தலையை வரைந்துவிட்டாள். பிறகு சார் என் தாடையைத் தொட்டு ஆணிக்குத் திருப்பினார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் வராந்தாவில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் பேசுவது கேட்டது.

"எலிசா, உன்னுதுல தலை ஜன்னலப் பாத்துக்கினு கீது. அவரு ஆணியப் பாக்குறாரு. இப்பவாவது சுரண்டிட்டுப் போடு."

"தெரியுது ஜமால். நேத்தே தெரிஞ்சுபோச்சு. கலர் வச்சாச்சு. இப்ப சுரண்டினா போன வருஷம் மாதிரி பாதியில நிக்கும்."

"தப்பா முடிக்கிறதுக்கு..."

"உனக்கு என்ன, நீ சொல்லுவ. எனக்கு அடுத்த வருஷம் கிடையாது."

அப்புறம் அவள் அழுதாள். சத்தம் வரவில்லை, மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது. ஜமால் எழுந்து போய்விட்டான்.

நான் கை கழுவிவிட்டு உள்ளே போனேன். ஹாலில் யாரும் இல்லை. பன்னிரண்டு படங்களும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றன. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் சுற்றிப் போனேன். ஜமாலின் படத்தில் இருந்தது நான்தான். கண்ணுக்குக் கீழே தொங்குகிற சதை, சாகும்போது என் அப்பாவுக்கு இருந்த தாடை. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எலிசாவின் படத்துக்குப் போனேன். அதில் இருந்தவன் தலையைக் கொஞ்சம் தூக்கி, ஜன்னல் வழியாக யாரோ வருவதைப் பார்க்கிறவன்போல இருந்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆளைப் பிடித்தது.

நாலாம் நாள் காலை சாரைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உதவியாளர் வந்து பாதக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு "போஸ்" என்றார். நான் பாதத்தைக் கோட்டுக்குள் வைத்தேன். கையைத் தொடைமேல் வைத்தேன். கண்ணை மட்டும் ஆணியில் வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜன்னல் கம்பியில் வைத்தேன். தலை இரண்டு அங்குலம் திரும்பியிருக்கும். அவ்வளவுதான், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

எலிசா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து வேகமாக வரைய ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகள் அதற்குள் முகத்தை முடித்து வேட்டி மடிப்புக்கும் பின்னணிக்கும் போய்விட்டிருந்தார்கள். என் தலை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் கவலை இல்லை.

கொஞ்ச நேரத்தில் இடது கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகடு மாதிரிக் கத்தியால் கேன்வாஸில் இருக்கிற கலரைச் சுரண்டுகிற சத்தம். ஜமாலின் இடம் அது. நான் திரும்பிப் பார்க்க முடியாது. அவன் நூலை வைத்துப் பார்த்திருக்கிறான், மூக்கு அவன் குறித்து வைத்த இடத்தில் இல்லை. மூன்று நாளாகத் தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்து, முடித்த முகத்தை முழுதாகச் சுரண்டி எடுக்கிறான்.

அப்போதே ஆணிக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பினால் எலிசா போய்விடுவாள். ஜெபமாலை எந்த மணியில் நின்றது என்று தெரியவில்லை. அன்று முழுக்க, ஒவ்வொரு ரெஸ்டுக்குப் பிறகும், கம்பியைப் பார்த்தே உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் அவன் புதிதாக முகத்தைப் போட்டுவிட்டான் என்று வராந்தாவில் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தேற்றிக்கொண்டு ரயிலேறினேன்.

ஐந்தாம் நாள் சார் வந்துவிட்டார். முக்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினார்.

"சூசை, ஆணி எங்க இருக்கு?"

எல்லாரும் நிமிர்ந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆணிக்குத் திரும்பினேன். சார் "போஸ்" என்றார். எலிசா முந்தின நாளே முகத்தை முடித்திருந்தாள்.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அந்தச் சுரண்டல் சத்தம். இந்தத் தடவை ஆத்திரமாக இல்லை. நிதானமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. மற்ற யாராவதாக இருந்தால் விட்டுவிட்டிருப்பார்கள். கண்ணெதிரே இருப்பது ஒன்று, கேன்வாஸில் இருப்பது ஒன்று என்றால் அவனால் தாங்க முடியாது. நாலு மணிக்குக் கடைசி மணி அடித்தது. அவன் படத்தில் கை இருந்தது, சட்டை மடிப்பு இருந்தது, கழுத்து வரை நான் இருந்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு வெள்ளை.

அன்று சாயங்காலம் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏன் திரும்பின?"

"கழுத்து வலி சார்."

"வலின்னா ரெஸ்ட் கேட்டிருப்ப. ஒன்பது வருஷமா நீ ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல."

சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"படத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அதுக்குத்தான்யா பாக்கக் கூடாதுன்னேன். மாடல் படத்தைப் பாத்துட்டா, அப்புறம் படத்துக்காக உக்காருவான். தனக்குப் பிடிச்ச படத்துக்காக. உன்ன மட்டமா நெனச்சா சொன்னேன்?"

நான் அப்படித்தானே நினைத்திருந்தேன். ஒரு காகிதம் கேட்டேன். "நான்காம் நாள் நான் தலையைத் திருப்பி உட்கார்ந்தேன். தவறு என்னுடையது. மாணவர் ஜமாலுடையது அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்காக என்று எழுதப் பேனாவை வைத்தபோது சார் கையை நீட்டிக் காகிதத்தை இழுத்துக்கொண்டார். "போதும். அதை எழுதினா அந்தப் பொண்ணும் போயிடும்" என்றார். அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் படங்களைப் பார்க்க வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். நான் கதவருகே நின்றேன். அவர் என் காகிதத்தைப் படித்தார். ஜமாலின் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"மாடல் கொஞ்சம் ஆடத்தான் செய்வான். மத்தப் பதினோரு பேரும் முடிச்சிருக்காங்களே" என்றார்.

"பதினோரு பேரும் பாக்கறத நிறுத்திட்டாங்க சார்" என்றார் ரங்கநாதன் சார். "இவன் ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தான்."

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தேர்வாளர் கெட்டவர் இல்லை. சங்கடத்தோடுதான் சொன்னார்: "பரீட்சையில முகம் வேணும் ரங்கநாதன்."

எலிசா பாஸ். ஜமால் அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும் என்று போட்டார்கள். எனக்கு வேலை போகும் என்றுதான் நினைத்தேன். உங்கள் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சார் வேலையை எடுக்கவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார். "கோபத்துல பண்ணல சூசை. நீ பாத்துட்ட. இனிமே உன்னால அந்த நாற்காலில உக்கார முடியாது" என்றார்.

ஜமால் அக்டோபரில் வரவில்லை. சில வருஷம் கழித்து, ஸ்டெல்லா கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைக்கத் துணியை எடுத்துக்கொண்டு பல்லாவரத்துக்குப் போனேன். தாம்பரத்தில் டெய்லர் இல்லையா என்று அம்மா கேட்டாள். கடையில் அவன் மட்டும் இருந்தான். அக்டோபரில் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"தீபாவளி ஆர்டர்ணே. வாப்பாவுக்குக் கண்ணு சரியில்ல. நூறு சட்ட வெட்டிப் போட்டுட்டு எங்க பரிச்சைக்குப் போறது? அப்புறம் அது அப்படியே போச்சு."

"ஜமால், அன்னைக்குத் தலையைத் திருப்பினது..."

"அட இன்னாண்ணே நீ. அஞ்சு நாளு உன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தவன் நானு. உனக்குக் கழுத்து வலியா, வேற இன்னாவான்னு எனக்குத் தெரியாதா?" என்றான். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துணியை விரித்தான். "யாருக்காகன்னும் தெரியும். அவளாண்ட மட்டும் சொல்லிடாத. நல்லா பாடம் எடுக்குறாளாம்."

அதற்குப் பிறகு உங்கள் எல்லாருடைய துணியும் அங்கேதான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அளவெடுக்கும்போது, "நேரா நில்லு சூசைண்ணா. ஆணியப் பாரு" என்பான். அது ஏதோ டெய்லர் பேச்சு என்று நினைத்து நீங்கள் சிரிப்பீர்கள். அந்தக் கடையில் நான் ஏன் ஒரு தடவையும் சிரிப்பதில்லை என்று பெரியவன் ஒருமுறை கேட்டான். அவனுக்கு இதுதான் பதில்.

ஸ்டெல்லா, உனக்குக் கலர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது எலிசா டீச்சர். உன் மகளுக்கு அந்த ஆசை உன் மூலம் வந்தது. அதை நினைத்தால் நான் செய்தது சரிதானோ என்று தோன்றும். அடுத்த வாரம் ஒரு சட்டை வாங்கப் பல்லாவரம் போனால் அந்த நினைப்பு நிற்காது. இரண்டையும் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பேத்தி படிக்கட்டும். அங்கே ஒருவர் அவளுக்காக உட்காருவார். அவர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல். கண்ணெதிரே இருப்பதைக் கடைசி நாள் வரைக்கும் பார்க்கச் சொல். எலிசா டீச்சரிடம் இது எதையும் சொல்ல வேண்டாம்.

ஜமாலிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் மே மாத விடுமுறையில் ஸ்டோர் சாவி முதன்முதலில் என் கைக்கு வந்தது. வாங்கிப் போகாத கேன்வாஸ்களுக்கு வெள்ளை அடித்து, முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். அடுக்கில் மூன்றாவதாக ஜமாலின் படம் இருந்தது. பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, மூடினேன்.

காலை பதினொரு மணி இருக்கும். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. படத்தை ஹாலுக்கு எடுத்துப் போய் இடது கோடியில், அவன் நின்ற இடத்தில், ஈஸலில் வைத்தேன். மேடையில் சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கோட்டுக்குள் பாதத்தை வைத்தேன். கையைத் தொடைமேல் வைத்தேன். ஆணியைப் பார்த்தேன். மேலே ஒரு விமானம் போனது. நூல் நடுங்கி, நின்றது. ஜெபமாலையின் கடைசி மணி வந்ததும் இறங்கிப்போய் நானே கைமணியை அடித்தேன். பிறகு, படங்கள் நிற்கும் பக்கம் திரும்பாமல், நேராக வராந்தாவுக்குப் போய்விட்டேன்.